ரிக்டர் 7.7 என்றால் என்ன? நிலநடுக்கச் செய்தியில் வரும் எண்ணைப் புரிந்துகொள்வது

பர்மாவில் 2025 மார்ச் 28 அன்று நிலம் நடுங்கியபோது செட்டிநாட்டுக்கு அது எங்கோ நடந்த விஷயமாகப் படவில்லை. ரங்கூன், பெகு, மோல்மேன், மண்டலே எல்லாம் இங்கே பெரியவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபட்ட பெயர்கள். ஐயாவோ, ஐயாவுடைய ஐயாவோ கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன ஊர்கள். எங்கள் வீடுகளின் பட்டாலைக் கூடத்தில் நிற்கும் தூண்களில் பல அங்கிருந்து கப்பலேறி வந்த தேக்கு. அதனால் மண்டலேயில் கட்டடங்கள் சரிந்து கிடந்த படங்களைப் பார்த்து இங்கே பலருக்கு மனசு பதறியது.

அந்த நாட்களில் டிவியிலும் பேப்பரிலும் திரும்பத் திரும்ப வந்த வாக்கியம் ஒன்றுதான்: "ரிக்டர் அளவுகோலில் 7.7 ஆகப் பதிவானது." அதைக் கேட்டுவிட்டு எங்கள் தெரு ஆச்சி ஒருவர், "ஏன் தம்பி, அங்கே 7.7ன்னா நம்ம காரைக்குடிக்கு எத்தனை வந்திருக்கும்?" என்றார். ரொம்ப நல்ல கேள்வி. படித்தவர்கள்கூட மனசுக்குள் வைத்திருந்து வெளியே கேட்காத கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான பதில்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்கென்று தனியாக ஒரு ரிக்டர் எண் கிடையாது. மண்டலேக்கும் கிடையாது. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே ஓர் எண்தான். அந்த எண் நிலநடுக்கத்துக்குச் சொந்தம், ஊருக்குச் சொந்தமில்லை. ஊருக்கு ஊர் மாறுவது வேறொன்று. அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. செய்தியில் அது வருவதே அபூர்வம் என்பதுதான் சிக்கல்.

சரி, ரிக்டர் என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். அது ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் ரிக்டர் என்ற அமெரிக்க நில அதிர்வியலாளர், 1900-ல் பிறந்து 1985-ல் மறைந்தவர். கலிபோர்னியாவின் பசடேனா நகரில், கால்டெக் நிறுவனத்தில் வேலை பார்த்தார். கலிபோர்னியாவில் சின்னதும் பெரியதுமாக நிலம் நடுங்கிக்கொண்டே இருக்கும். எது பெரியது, எது சிறியது என்று வரிசைப்படுத்த அதுவரை ஒரு நேரான வழி இல்லை. கூட்டம் நிறைந்த ஊரில் வரும் சின்ன அதிர்வு பெரிய செய்தியாகிவிடும். ஆளில்லாத பாலைவனத்தில் வரும் பெரிய நடுக்கம் யாருக்கும் தெரியாமல் போய்விடும். மனிதர்கள் சொல்வதை நம்பாமல், கருவி எழுதும் கோட்டை வைத்தே அளந்தால் என்ன என்று ரிக்டர் யோசித்தார். உடன் வேலை பார்த்த பெனோ குட்டன்பர்க்கின் யோசனைகளும் சேர்ந்து, 1935-ல் அந்த முறை வெளியானது. இன்றைக்கும் பல செய்திகளில் ரிக்டர் பெயர் மட்டுமே வருகிறது. குட்டன்பர்க்கின் பெயரும் சேர்ந்து வந்திருந்தால் அதுவே நியாயமாக இருந்திருக்கும்.

கருவியின் பெயர் நில அதிர்வுமானி. தரை அசையும்போது தானும் அசைந்து, அந்த அசைவைப் பெரிதாக்கி, வளைந்து நெளிந்த கோடாக எழுதிக் காட்டும். இது நமக்குப் புதிதல்ல. நம் பக்கத்துக் கொடைக்கானல் வானாய்வகத்தில் 1899-லேயே இப்படி ஒரு கருவி வைத்துவிட்டார்கள். ரிக்டர் பயன்படுத்தியது வுட்-ஆண்டர்சன் என்ற வகை. அவர் வகுத்த விதி எளிமையானது. நிலநடுக்கம் நடந்த இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி அந்தக் கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோட்டின் உச்சி 1 மில்லிமீட்டர் உயரம் எழுந்தால் அந்த நிலநடுக்கத்தின் அளவு 3. உச்சி 10 மில்லிமீட்டர் எழுந்தால் 4. 100 மில்லிமீட்டர் எழுந்தால் 5. கருவி 100 கிலோமீட்டரில் இல்லாமல் 40-லோ 300-லோ இருந்தால், தூரத்துக்கு ஏற்பக் கணக்கைச் சரிசெய்துகொள்ள ஓர் அட்டவணையும் போட்டார்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தூரத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்துவிடுகிறார். அதாவது கருவி எந்த ஊரில் இருந்தாலும் விடை ஒன்றாகவே வர வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். ஆச்சியின் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பர்மாவில் நடந்ததை மண்டலே பக்கத்திலிருந்து அளந்தாலும், டெல்லியிலிருந்து அளந்தாலும், ஜப்பானிலிருந்து அளந்தாலும் 7.7-ஐ ஒட்டித்தான் வரும். ஊர் எது என்பதை நீக்கிவிட்டு, நிலத்தடியில் நடந்தது எவ்வளவு பெரியது என்பதை மட்டும் சொல்வதற்காகவே செய்த எண் அது.

அடுத்தது, அந்த எண் ஏறும் விதம். இதைத்தான் பலரும் தவறவிடுகிறோம். 6-க்கும் 7-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். மேலே உள்ள கணக்கை மறுபடி பாருங்கள்: 3-லிருந்து 4-க்குப் போக, கோடு 10 மடங்கு உயர வேண்டும். 4-லிருந்து 5-க்கு இன்னொரு 10 மடங்கு. ஒவ்வொரு படியும் கூட்டல் இல்லை, பெருக்கல். வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால் ஏற்றம் இன்னும் செங்குத்து. ஒரு படிக்கு ஏறத்தாழ 32 மடங்கு, இரண்டு படிக்கு 1000 மடங்கு.

நமக்குத் தெரிந்த நிகழ்வுகளை வைத்தே போட்டுப் பார்க்கலாம். 2001 செப்டம்பர் 25 அன்று இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஒரு நிலநடுக்கம் வந்தது. அளவு 5.5. சென்னையில் பலர் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். அதற்கும் 2025-ல் பர்மாவில் வந்த 7.7-க்கும் எண்ணில் இடைவெளி 2.2 மட்டும். ஆற்றலில் கிட்டத்தட்ட 2000 மடங்கு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியைக் கிளப்பிய சுமத்ரா நிலநடுக்கம் 9.1. புதுச்சேரி நடுக்கத்தோடு ஒப்பிட்டால் அதன் ஆற்றல் இரண்டரை லட்சம் மடங்கு. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. 7.7-ஐ 7.5 என்று யாராவது சொன்னால், ஆற்றலைப் பாதியாகக் குறைத்துச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

இந்தப் பெருக்கல் ஏற்றத்தால் இன்னொன்றும் தெளிவாகிறது. ரிக்டர் எண் பத்துக்கு இத்தனை என்று போடும் மார்க் இல்லை. "பத்துக்கு ஏழு" என்று நினைப்பவர்கள் நிறைய. அளவில் மேலே 10 என்று ஒரு கூரை போட்டு வைக்கவில்லை. கருவிகள் பதிவுசெய்ததில் மிகப் பெரியது 1960 மே 22 அன்று சிலி நாட்டில் வந்த 9.5. அதற்கு மேலே போகாததற்குக் காரணம் கணக்கு இல்லை, பூமி. பாறை உடைந்து நகரும் பிளவு எத்தனை நீளம் இருக்கிறதோ, எவ்வளவு நழுவுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அளவு. 2004-ல் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1200 கிலோமீட்டருக்கு மேல் உடைந்தது. 10 வர வேண்டுமானால் அதைவிடப் பல மடங்கு நீளமாக ஒரே மூச்சில் உடைய வேண்டும். கீழ்ப்பக்கத்திலும் தடை இல்லை. நுணுக்கமான கருவிகள் இன்று பதியும் சில சின்னஞ்சிறு அதிர்வுகள் பூஜ்யத்துக்கும் கீழே, கழித்தல் குறியோடு வருகின்றன.

"ரிக்டர் கருவியில் பதிவானது" என்று எழுதுவதையும் பார்க்கிறோம். அப்படி ஒரு கருவி இல்லை. கருவி என்றால் அதிர்வுமானி. ரிக்டர் என்பது அந்தக் கருவி எழுதிய கோட்டிலிருந்து போடும் கணக்கு. ரிக்டர் இருந்த காலத்திலேயே அவருடைய ஆய்வகத்துக்கு வந்தவர்கள் "அந்த அளவுகோலைக் காட்டுங்கள்" என்று கேட்பார்களாம். அவரே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் இது. அளவுகோல் என்ற சொல்லைக் கேட்டதும் சுவரில் மாட்டிய ஒரு கோல் மனசில் வருவது இயல்புதான்.

இப்போது கொஞ்சம் வியப்பான ஒரு விஷயம். இன்று செய்தியில் வரும் பெரிய நிலநடுக்கங்களின் எண் பெரும்பாலும் ரிக்டர் எண்ணே இல்லை. ரிக்டரின் முறை கலிபோர்னியாவுக்கென்று, ஒரு குறிப்பிட்ட கருவிக்கென்று, சில நூறு கிலோமீட்டர் தூரத்துக்கென்று செய்தது. 7-ஐ நெருங்கும் பெரிய நடுக்கங்களில் அது திணறும். ஏனென்றால் அந்தக் கருவி வேகமான, குறுகிய அலைகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். மிகப் பெரிய நிலநடுக்கத்தின் ஆற்றல் மெதுவான, நீண்ட அலைகளில் போகும். அதனால் 8-க்கும் 9-க்கும் ரிக்டர் முறையில் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1970-களின் கடைசியில் ஹிரோ கனமோரி, தாமஸ் ஹாங்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வேறு முறை கொண்டுவந்தார்கள். மொமென்ட் மேக்னிட்யூட் என்று பெயர். பிளவு எவ்வளவு பரப்பில் உடைந்தது, எவ்வளவு தூரம் நழுவியது, பாறை எவ்வளவு விறைப்பானது என்ற மூன்றையும் பெருக்கி வரும் கணக்கு. பழைய எண்களோடு ஒத்துப்போகிற மாதிரியே இதை அமைத்ததால் வாசகருக்கு மாற்றம் தெரியவில்லை. பத்திரிகைகளும் ரிக்டர் பெயரையே தொடர்ந்தன. பர்மாவின் 7.7, சுமத்ராவின் 9.1 இரண்டுமே இந்தப் புது முறையில் வந்தவை.

அப்படியானால் செய்தியில் எப்படி எழுதுவது? "7.7 அளவிலான நிலநடுக்கம்" என்று எழுதினாலே போதும். ரிக்டர் என்ற சொல் இல்லாமலே பொருள் முழுசாக வந்துவிடுகிறது, தப்பும் இல்லை. பேச்சில் "ரிக்டர் ஏழு" என்று சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் எல்லோருக்கும் புரிகிற சொல் அது. எழுத்தில், அதுவும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் எழுத்தில், அளவு என்ற சொல்லே நேரானது. "7.7 புள்ளிகளாகப் பதிவானது" என்பதை மட்டும் தவிர்க்கலாம். புள்ளிகள் என்றதும் பங்குச் சந்தை மாதிரி ஒவ்வொன்றாகக் கூடும் கணக்கு என்ற நினைப்பு வந்துவிடும். பெருக்கல் மறைந்துபோகும்.

சரி, ஊருக்கு ஊர் மாறுவது வேறொன்று என்றேனே, அதற்கு வருவோம். அதன் பெயர் செறிவு. ஒரு குறிப்பிட்ட இடத்தில் தரை எவ்வளவு கடுமையாக ஆடியது, மனிதர்களுக்கும் கட்டடங்களுக்கும் என்ன ஆனது என்பதைச் சொல்வது செறிவு.

திருவிழாவில் போடும் அதிர்வேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் எவ்வளவு மருந்து கெட்டித்தார்கள் என்பது ஒரே கணக்கு. வேட்டுக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் குன்றக்குடி மலையடியில் நிற்பவருக்கு நெஞ்சே அதிரும். இரண்டு தெரு தள்ளி ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும். காரைக்குடியில் இருப்பவருக்கு எங்கோ டொம் என்று கேட்கும், அல்லது கேட்காமலே போகும். கெட்டித்த மருந்துதான் அளவு. அங்கங்கே அதிர்ந்தது செறிவு. ஆச்சி கேட்டது உண்மையில் செறிவை. "அங்கே 7.7, இங்கே எத்தனை?" என்ற கேள்வியை "அது இங்கே எப்படித் தெரிந்தது?" என்று மாற்றிக் கேட்டால் சரியாகிவிடும். மண்டலே நமக்கு 2000 கிலோமீட்டருக்கும் அப்பால். இங்கே வளவில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

செறிவை அளக்கும் முறை ரிக்டருக்கும் முந்தியது. இத்தாலியைச் சேர்ந்த ஜூசெப்பே மெர்காலி 1902-ல் வகுத்த அளவை 1931-ல் திருத்தினார்கள். இந்தியாவில் எம்எஸ்கே (வகுத்த மெட்வெடேவ், ஸ்பான்ஹோயர், கார்னிக் மூவரின் பெயர்களின் முதலெழுத்துகள்) என்ற செறிவு அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டிலும் 12 படிகள். ரிக்டர் எண்ணோடு குழம்பக் கூடாது என்பதற்காக இவற்றை ரோமன் எண்களில் எழுதுவது வழக்கம். தமிழில் எழுதும்போது "செறிவு ஆறாம் படி" என்று எழுத்தில் எழுதினால் குழப்பமே வராது.

இந்தப் படிகள் என்ன சொல்கின்றன என்பதை ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் வைத்துப் பார்க்கலாம். மூன்றாம் படியில், பட்டாலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு லேசாக ஏதோ தெரியும். வேலையாக நடந்துகொண்டிருப்பவருக்குத் தெரியாது. நான்காம் படியில் கதவு, ஜன்னல் கடகடக்கும். அடுக்களையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும். மேலே தொங்கும் விளக்கு மெல்ல ஆடும். ஐந்தாம் படி வந்தால் தூங்குபவர்கள் விழித்துக்கொள்வார்கள். முகப்பில் வரிசையாக மாட்டியிருக்கும் பழைய படங்கள் சுவரில் மோதும். ஊசல் வைத்த சுவர்க் கடிகாரம் நின்றுவிடும். ஆறாம் படியில் எல்லோரும் பயந்து தெருவுக்கு ஓடுவார்கள். பூஜை அறை மணி தானாக ஒலிக்கலாம். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிப் பளபளக்கிற அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் முதல் விரிசல் இந்தப் படியில்தான் விழும். ஏழாம் படியில் பூச்சு பெரிய பெரிய துண்டாகக் கழன்று விழும், சுவரில் வெடிப்பு ஓடும்.

எட்டாம் படிக்கு மேலே போனால் கட்டடமே ஆபத்தில். முகப்பின் உச்சியில் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துச் சுதையில் செய்து வைத்திருக்கிறோமே கஜலட்சுமி, காவல் வீரர்கள், சீமைத் துரைகள், இவையெல்லாம் அங்கே முதலில் கீழே வரக்கூடியவை. உயரத்தில், பிடிப்புக் குறைவாக, கனமாக நிற்பவை என்பதுதான் காரணம். பன்னிரண்டாம் படியில் நிலத்தின் தோற்றமே மாறிவிடும்.

ஓர் எண்ணும் சொல்லாமல், வீட்டில் என்ன ஆனது என்பதை வைத்தே இத்தனையையும் சொல்ல முடிகிறது. கருவி இல்லாத ஊரிலும், கருவி இல்லாத காலத்திலும் இந்த முறை வேலை செய்யும்.

இதைக் காட்டப் பர்மாவிலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. 1930 மே 5 அன்று பெகு நகரில் பெரிய நிலநடுக்கம். அங்கே புகழ்பெற்ற ஷ்வேமாடோ பகோடா சரிந்தது. சுமார் 500 பேர் இறந்தார்கள். பர்மாவின் நெல் வயல்களிலும் வட்டிக்கடைகளிலும் நகரத்தார் பெருமளவில் இருந்த காலம் அது. அன்று அங்கிருந்து ஊருக்குக் கடிதம் எழுதிய ஒருவர் நிலநடுக்கத்தின் எண்ணை எழுதியிருக்க முடியாது. ரிக்டரின் முறை வெளிவர இன்னும் 5 ஆண்டுகள் இருந்தன. எத்தனை நேரம் ஆடியது, பெட்டியடி (வட்டிக்கடையின் கணக்கு வழக்கு நடக்கும் இடம்) இருந்த கட்டடத்துக்கு என்ன ஆனது, யார் தப்பித்தார்கள் என்றுதான் எழுதியிருக்க முடியும். அவர் எழுதக்கூடியது முழுக்கச் செறிவு. இன்று அந்த நிலநடுக்கத்துக்கு 7.3 போன்ற எண் சொல்கிறார்கள் என்றால், அன்று உலகின் மற்ற இடங்களில் கருவிகள் எழுதி வைத்த கோடுகளிலிருந்து பின்னால் கணக்கிட்டது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பக்கம் வந்த நிலநடுக்கத்துக்கு இன்று ஏறத்தாழ 6 என்கிறார்கள். அங்கே பெரும்பாலும் எந்த ஊரில் எப்படி ஆடியது என்ற விவரங்களை வைத்தே அளவை மதிப்பிட வேண்டியிருந்தது. பழைய நிலநடுக்கம் ஒன்றுக்குத் தசமப் புள்ளி வரைக்கும் எண் கொடுத்திருந்தால் அது பின்னால் கணித்தது என்ற நினைவோடு படிப்பது நல்லது.

அளவும் செறிவும் எந்த அளவுக்குப் பிரிந்துபோக முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான உதாரணம் உண்டு. 1993 செப்டம்பர் 30 விடிகாலை, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதி. அளவு 6.2 மட்டுமே. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலில் வந்த நிலநடுக்கம் 8.6. சென்னையில்கூட அலுவலகங்களை விட்டு மக்கள் இறங்கி ஓடினார்கள். ஆற்றல் லாத்தூரைப் போல ஏறத்தாழ 4000 மடங்கு. பெரிய அழிவு எதுவும் இல்லை. ரிக்டர் எண் மட்டும்தான் எல்லாம் என்றால் இது எப்படி?

லாத்தூரில் நடுக்கம் ஆழமில்லாமல், ஊர்களுக்கு நேர் கீழே வந்தது. விடியாத நேரம், எல்லோரும் வீட்டுக்குள் தூக்கம். வீடுகள் கனமான கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டியவை. மேலே மண் கெட்டித்த பாரமான கூரை. ஆட்டம் வந்ததும் சுவர் இரண்டாகப் பிளந்து கூரை அப்படியே இறங்கியது. 2012-ல் நடந்தது நடுக்கடலில், கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. கடல்தரை மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய சுனாமியும் கிளம்பவில்லை.

தூரமும் ஆழமும் கட்டடமும் மட்டுமல்ல, காலுக்குக் கீழே இருக்கும் மண்ணும் கணக்கில் சேரும். 2025-ல் மண்டலேயிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த உயரமான அரசுக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. கட்டடத்தின் தரம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாங்காக் நகரமே ஆற்று வண்டலான மென்மையான களிமண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தூரத்திலிருந்து வரும் மெதுவான அலைகளை அப்படிப்பட்ட மண் பெருக்கிவிடும். அந்த அலைகள் உயரமான கட்டடங்களைத்தான் அதிகம் ஆட்டும்.

இது நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம். பிள்ளையார்பட்டி, திருமயம் பக்கம் தரைக்கு மேலேயே கெட்டியான பாறை தலைகாட்டுகிறது. அதே வட்டாரத்தில் கண்மாய்ப் படுகையும் ஊருணி ஓரமும் மண்ணடித்து மேடாக்கி வீட்டு மனைகளாகியிருக்கின்றன. ஒரே நிலநடுக்கம் வந்தால், அளவு இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். பாறை மேல் நிற்கும் வீட்டைவிடக் கண்மாய் மண்ணில் நிற்கும் வீடு கூடுதலாக ஆடும். தண்ணீர் நிற்கும் என்பதற்காகப் பெரியவர்கள் கண்மாய்க்குள் வீடு கட்ட வேண்டாம் என்றார்கள். அதில் இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செம்புராங்கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நம் பெரிய வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனத்த சுவர் என்பதால் எதையும் தாங்கும் என்று நினைப்பது சரியில்லை. நிலநடுக்கத்தில் கனம் உதவி செய்யாது. எவ்வளவு கனமோ அவ்வளவு விசை சுவரை இழுக்கும். சுவருக்கும் சுவருக்கும், சுவருக்கும் கூரைக்கும் இருக்கும் பிடிப்புதான் காப்பாற்றும். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்து, மழைத் தண்ணீர் இறங்கி, உத்தரம் உளுத்துப்போன வீடுகள் இந்த வகையில் பலவீனமானவை. அப்படிப்பட்ட வீடுகள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருப்பது எனக்கு உண்மையான கவலை. ஓட்டை மாற்றுவதும் உத்தரத்தைச் சரிசெய்வதும் மழைக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை.

இன்னொரு எண்ணும் இதோடு குழம்புகிறது: மண்டலம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு நாட்டை நில அதிர்வு மண்டலங்களாகப் பிரித்து வரைபடம் போட்டது. 2002-ல் வந்த திருத்தத்தில் 2, 3, 4, 5 என்று நான்கு மண்டலங்கள். அதன்படி சென்னையும் கோவையும் மண்டலம் 3. மதுரை, திருச்சி, நம் பக்கம் எல்லாம் மண்டலம் 2. டெல்லி 4, குஜராத்தின் புஜ், அசாமின் குவாஹாட்டி எல்லாம் 5. மண்டலம் 2 என்றால் ரிக்டர் 2-தான் வரும் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இந்த மண்டலங்கள் செறிவை வைத்துப் பிரித்தவை. மண்டலம் 2 என்றால் ஆறாம் படி அல்லது அதற்குக் கீழே, மண்டலம் 3 என்றால் ஏழாம் படி, மண்டலம் 5 என்றால் ஒன்பதாம் படியும் அதற்கு மேலும் எதிர்பார்க்கலாம் என்பது அதன் அடிப்படை. ஆறாம் படி என்றால் என்ன என்று மேலே பார்த்தோம்: சுண்ணாம்புப் பூச்சில் விரிசல், தெருவில் கூட்டம்.

மண்டலம் குறைவு என்பது உத்தரவாதமும் இல்லை. லாத்தூர் 1993 வரை மண்டலம் 1-ல், நாட்டிலேயே மிகப் பத்திரமான பகுதி என்ற பட்டியலில் இருந்தது. அதன் பிறகுதான் மண்டலம் 1 என்பதையே எடுத்துவிட்டு, எல்லா இடத்தையும் குறைந்தது மண்டலம் 2 என்று வைத்தார்கள்.

நிலநடுக்கம், பூகம்பம், நில அதிர்வு என்ற மூன்று சொற்களிலும் அறிவியல் ரீதியாக வேறுபாடு இல்லை. பெரியதைப் பூகம்பம் என்றும் சின்னதை நில அதிர்வு என்றும் பேப்பரில் எழுதுவது வெறும் வழக்கம். பெரிய நடுக்கத்துக்குப் பின்னால் அதே பகுதியில் தொடர்ந்து வருபவை பின்னதிர்வுகள். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. அவற்றைக் கூட்டிச் சொல்லக் கூடாது.

செய்தி படிக்கும்போது எண் மாறிக்கொண்டே இருந்தால் யாரோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் கணித்தது 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. பிறகு 9.0. இன்று 9.1 என்கிறோம். பெரிய நிலநடுக்கத்தின் மெதுவான அலைகள் உலகத்தைச் சுற்றி வந்து கருவிகளில் விழ நேரமாகும். முதல் எண் அவசரத்தில் போடும் எண். அது பின்னால் திருந்துவது வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். இந்தியாவின் தேசிய நில அதிர்வு மையம் ஓர் எண்ணும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஓர் எண்ணும் சொல்லி, இரண்டும் 0.1 அல்லது 0.2 வேறுபட்டிருப்பதும் சகஜம். பயன்படுத்தும் கருவிகளும் கணக்கு முறையும் வேறு என்பதால் வருவது அது.

ஆகவே அடுத்த முறை ஒரு நிலநடுக்கச் செய்தி வந்தால், எண்ணோடு நின்றுவிடாமல் கூடவே வரும் மற்ற வரிகளையும் தேடுங்கள். மையம் எங்கே, ஊருக்கு எவ்வளவு பக்கம்? ஆழம் 10 கிலோமீட்டரா, 200 கிலோமீட்டரா? பக்கத்தில் எப்படிப்பட்ட வீடுகள், எத்தனை பேர்? 6.2 என்று மட்டும் சொல்லிவிட்டு "மிதமான நிலநடுக்கம்" என்று ஒரு செய்தி முடிந்தால், லாத்தூரை நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கம் என்றைக்காவது லேசாக ஓர் அதிர்வு தெரிந்தால், வாட்ஸப்பில் "ரிக்டர் எத்தனை" என்று கேட்பதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அளவை நம்மால் சொல்ல முடியாது, அது கருவியின் வேலை. செறிவை நம்மால் மட்டுமே சொல்ல முடியும். தேசிய நில அதிர்வு மையத்தின் இணையதளத்திலும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்திலும் பொதுமக்கள் தாங்கள் உணர்ந்ததைப் பதிவுசெய்ய இடம் இருக்கிறது. எந்த ஊர், மணி எத்தனை, கீழ்த் தளத்திலா மாடியிலா, உட்கார்ந்திருந்தீர்களா நடந்துகொண்டிருந்தீர்களா, தொங்கும் விளக்கு ஆடியதா, பாத்திரம் உருண்டதா, சுவரில் புதிதாக விரிசல் உண்டா என்று எழுதினால் போதும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் அதையும் எழுதலாம். அதிர்வு எந்த எல்லையோடு நின்றது என்று வரைபடம் போடுபவர்களுக்கு அதுவும் தேவைப்படும் தகவல்தான்.